போதை மறுவாழ்வு சென்டரில் அடைபட்ட 163 நாட்கள் எந்தக் கணக்கில்?

வண்ணாமடைக்காரன் (செவ்வாய், இரவு 9.40)

இந்த இழையைத் தொடங்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. என் தம்பியைப் பற்றியது. வயது 26. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கடலைக் காடு. முதலில் கள், பிறகு கஞ்சா, அப்புறம் இரண்டும். மோட்டாரின் செம்புக் கம்பியை உருவி விற்றான். அம்மாவின் தோட்டைக் கழற்றிக்கொண்டு போனான்.

விஷு முடிந்த மறுநாள் இரவு இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வரச் சொன்னது நான்தான். நான்கு பேர் இறங்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கட்டிய லுங்கியோடு தூக்கி, கையைத் துண்டால் பிணைத்து ஏற்றினார்கள். "அண்ணா, அண்ணா" என்று கத்தினான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், வெளியே வரவில்லை.

மாநில எல்லைக்கு அந்தப்புறம் ஒரு தனியார் மறுவாழ்வு மையம். பெயர் வேண்டாம். மாதம் 15,000 ரூபாய். மூன்று மாதம் என்றார்கள். பிறகு, "இன்னும் மனம் மாறவில்லை" என்று நீட்டிக்கொண்டே போனார்கள். ஓணம் வந்தது, போனது. பணம் கட்டிய ரசீதுகளை வைத்துக் கூட்டினால் 163 நாட்கள்.

அவன்மேல் ஏற்கெனவே ஒரு கஞ்சா வழக்கு இருந்தது. நடுப்புணி அருகே எக்சைஸ் (கலால் துறை) பிடித்தது, 35 கிராம். ஜாமீனில் விட்டுவிட்டார்கள். அவன் சென்டரில் இருந்தபோது சம்மன் வீட்டுக்கு வந்தது. மேலாளரிடம் சொன்னேன். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். யாரும் பார்க்கவில்லை. வாய்தாவுக்கு வராததால் வாரண்ட் போட்டார்கள். சென்டரிலிருந்து வந்த பதினோராம் நாள் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. 12 நாள் ரிமாண்ட். குற்றத்தை ஒப்புக்கொண்டான், ஒரு மாதம் தண்டனை விதித்தார்கள். ரிமாண்டில் இருந்த 12 நாளைக் கழித்து, மீதி 18 நாள் சிறையில் இருந்தான்.

என் கேள்வி இதுதான். சிறையில் இருந்த 12 நாளை நீதிமன்றம் எண்ணியது. பூட்டிய கதவுக்குள் இருந்த 163 நாளை ஏன் யாரும் எண்ணவில்லை?

மீனாட்சிபுரம் சந்து (செவ்வாய், இரவு 10.15)

அண்ணா, எங்கள் தெருவிலும் இதே போல் ஒரு வேன் வந்தது. தூக்கிக்கொண்டு போனது யாரை என்று விடியும் வரை எங்களுக்குத் தெரியவில்லை. கடத்தல் என்று நினைத்து ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார். "வீட்டார் சம்மதத்தோடு போனது" என்று போலீஸ் சொல்லிவிட்டது. வீட்டார் சம்மதித்தால் போதுமா? இதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டு வாசல் (புதன், காலை 7.05)

சித்தூர், பாலக்காடு நீதிமன்றங்களில் 19 ஆண்டாக வழக்காடுகிறேன். தம்பியின் வழக்குக் கட்டைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

தண்டனையில் நாட்களைக் கழிப்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 468. அதே வழக்கின் புலனாய்விலோ விசாரணையிலோ, தீர்ப்புக்கு முன் காவலில் இருந்த நாட்கள் மட்டுமே கழியும். சென்டரில் தம்பியை அடைத்தது அந்த வழக்கு அல்ல, குடும்பம். அதனால் சட்டத்தின் கண்ணில் அவன் அந்த 163 நாளும் சுதந்திர மனிதன். சுதந்திரமாக இருந்துகொண்டே வாய்தாவுக்கு வராதவன். வாரண்ட் பிறந்தது அப்படித்தான்.

இதைவிட எனக்கு வலிப்பது வேறு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் மீது, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தால், அவரே விரும்பி அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்ந்து அதை முடித்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கு. கஞ்சாவில் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. தம்பியிடம் இருந்தது 35 கிராம். அங்கீகாரம் பெற்ற இடத்தில், சொந்த விருப்பத்தில், முப்பது நாள் முறையான சிகிச்சை எடுத்திருந்தாலும் வழக்கே இல்லாமல் போக வழி இருந்தது. 163 நாள் அடைபட்டும் அந்த வழி அவனுக்குத் திறக்கவில்லை.

குற்றம் உறுதியான பிறகும் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு இருக்கிறது. அவர் சம்மதித்தால் தண்டனைக்குப் பதிலாக நீதிமன்றம் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று அதை யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். நானும் சில வழக்குகளில் கேட்காமல் விட்டிருக்கிறேன். அது என் மனதை அறுக்கிறது.

சந்துவின் கேள்விக்கு: போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் வைக்கிறது. ஒருவரை அவர் விருப்பமின்றிச் சேர்க்க 89ஆம் பிரிவு. முந்தைய ஏழு நாளுக்குள் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதிகபட்சம் 30 நாள். ஆண் என்றால் ஏழு நாளுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளுக்கு மேல் வைக்க 90ஆம் பிரிவு, இரண்டு மனநல மருத்துவர்கள், வாரியத்தின் அனுமதி. இதில் எந்த இடத்திலும் "அண்ணன் போன் செய்தால் போதும்" என்று எழுதவில்லை.

வண்ணாமடைத் தம்பி, உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை.

முதலமடைத் தாய் (புதன், பகல் 1.30)

வக்கீல் சார் எழுதியதை முழுவதும் படித்தேன். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. என் மகன் கையில் அரிவாளோடு நின்ற இரவில் அந்த இரண்டு மருத்துவர்களை நான் எங்கே போய்த் தேடியிருக்க வேண்டும்?

மாந்தோப்பில் கூலி வேலை செய்கிறேன். கணவர் இல்லை. மகன் என்னைக் கிணற்றுமேட்டில் தள்ளினான். இரண்டு முறை தூக்கு மாட்டிக்கொண்டான், இரண்டு முறையும் நான்தான் அறுத்து இறக்கினேன். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். "அவன் சம்மதித்தால் சேர்க்கிறோம்" என்றார்கள். அவன் சம்மதிக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஏறும்முன் குடித்தான். பிறகு நானும் வேனுக்குத்தான் சொன்னேன். நான்கு மாதம் வைத்தார்கள். அடித்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். இப்போது இரண்டு வருடமாகக் குடிக்கவில்லை. பொள்ளாச்சியில் லாரி ஓட்டுகிறான். நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குப் பிள்ளை இருந்திருக்க மாட்டான்.

அண்ணனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பெற்றவளுக்கும் உடன்பிறந்தவனுக்கும் தெரியும், அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று.

நாற்பது கட்டில் (புதன், இரவு 11.50)

அக்கா, உங்கள் மகன் நன்றாக இருப்பதில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி. நானும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன், ஆறு வருடமாக. ஆனாலும் உள்ளே இருந்தவன் பேச வேண்டிய இடம் இது.

நான் இருந்த சென்டரில் நாற்பது கட்டில், அறுபதுக்கு மேல் ஆட்கள். காலை ஐந்தரைக்கு விசில். தியானம், வரிசை, உப்புமா, வகுப்பு. "வகுப்பு" என்றால் முன்பு அங்கே இருந்து திருந்தியதாகச் சொல்லப்பட்டவர்கள் நடத்துவது. டாக்டரை நான் பார்த்தது இரண்டே முறை. வாரம் ஒரு போன், பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். "அடிக்கிறார்கள்" என்று சொன்னால் போன் துண்டிக்கப்படும், பிறகு வீட்டாரிடம் "குடிக்கு ஏங்கிப் பொய் சொல்கிறான்" என்பார்கள். வீட்டாரும் நம்புவார்கள், நாங்கள் அவர்களிடம் அத்தனை பொய் சொல்லியிருக்கிறோமே.

சிறையில் இருக்கிறவனுக்குத் தேதி தெரியும். எங்களுக்குக் கடைசி நாள் என்று ஒன்று இல்லை. அதுதான் மனிதனை உடைப்பது. முணுமுணுத்தால் ஒரு மாதம் கூடும், பாத்திரம் கழுவ மறுத்தால் ஒரு மாதம். வீட்டிலிருந்து பணம் ஒழுங்காக வந்தால் அதற்கும் ஒரு மாதம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. என்னோடு இருந்த ஒருவர், ஒரு கட்டடத் தொழிலாளி, பதினோரு மாதம் இருந்தார். அவர் பெண்ணின் கல்யாணம் நடந்து முடிந்தது அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

இரவுப்பணி (வியாழன், காலை 6.20)

மனநலப் பிரிவில் செவிலியர். இப்போதுதான் பணி முடித்து வந்தேன், சுருக்கமாக எழுதுகிறேன்.

நாட்களைப் பற்றி மருத்துவம் சொல்வது வேறு மாதிரி. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நான்கைந்து நாள்தான் உயிருக்கு ஆபத்து. வலிப்பு வரலாம், மாயக்காட்சி வரலாம், நடுக்கத்தோடு நினைவு பிறழலாம். அந்த நாட்களில் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் இல்லாமல் ஒருவரைக் கட்டிப்போட்டு வைத்தால் இறந்துபோகலாம். வேனில் ஏற்றிப் பூட்டிய அறையில் போடும் முதல் இரவு, துல்லியமாக அந்த ஆபத்தான இரவு. கஞ்சாவில் அந்த அளவு ஆபத்து இல்லை. எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை வரும்.

ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து கடைசி நாளில் இருக்கிறது. மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. ஆசை மட்டும் போவதில்லை. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். புப்ரனார்பின் போன்ற மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் இது பெருமளவு குறையும். அடைத்து வைக்கும் பல இடங்களில் அந்த மருந்தே கிடையாது. அதனால் 30 நாளா 163 நாளா என்று கேட்பதோடு, அந்த நாட்களில் என்ன கொடுத்தார்கள், வெளியே விட்டபோது யாரிடம் ஒப்படைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதையும் 97 தடை செய்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் இருந்த 28 பேர் தீயில் எரிந்துபோனார்கள். ஓட முடியவில்லை. நான் நர்சிங் சேர்ந்ததற்கு அந்தச் செய்திப் படம் ஒரு காரணம்.

கடல்கடந்தவன் (வியாழன், இரவு 8.10)

பூர்வீகம் எருத்தேம்பதி. 14 ஆண்டாகக் கலிபோர்னியாவில் இருக்கிறேன். "நாளை எண்ணுவது" என்று படித்ததும் இங்குள்ள கதை நினைவுக்கு வந்தது.

போதைக்கு அடிமையாக இருப்பதே இங்கு ஒரு காலத்தில் குற்றம். ராபின்சன் என்பவருக்கு அதற்காக 90 நாள் சிறை கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு நோயின் நிலையைக் குற்றமாக்குவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1962இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே அவர் அளவு மீறிய போதையால் இறந்திருந்தார், நீதிபதிகளுக்கு அது தெரியாது. அதே தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது. கட்டாயச் சிகிச்சைக்காக அடைத்து வைக்கும் முறையை மாநிலம் ஏற்படுத்திக்கொள்ளலாம் என்பது. கலிபோர்னியா ஓராண்டு முன்பே அதைத் தொடங்கிவிட்டது. நார்கோ என்ற ஊரில், முன்பு ஆடம்பர ஓட்டலாகவும் போர்க்காலத்தில் கடற்படை மருத்துவமனையாகவும் இருந்த இடத்தை எடுத்து, மறுவாழ்வு மையம் என்று பெயர் வைத்தார்கள். குற்ற வழக்கை நிறுத்தி வைத்து உரிமையியல் உத்தரவில் அனுப்புவார்கள். ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. நடத்தியது சிறைத் துறை, சுற்றிலும் வேலி.

உடனே எழுந்த கேள்வி வண்ணாமடைக்காரர் கேட்டதே. இவர்களைத் திட்டத்திலிருந்து நீக்கித் தண்டனைக்குத் திருப்பி அனுப்பினால், அங்கே இருந்த நாட்கள் கழியுமா? சிறைவாசிக்கு நன்னடத்தைக்காகக் குறையும் நாட்கள் இவர்களுக்கும் உண்டா? இதற்காகவே வழக்கு மேல் வழக்கு நடந்தது. இப்போது இங்குள்ள தண்டனைச் சட்டத்தின் 2900.5 பிரிவு, காவலில் இருந்த நாட்கள் என்று சிறையை மட்டும் சொல்லவில்லை. மறுவாழ்வு இல்லம், மருத்துவமனை, அது போன்ற தங்குமிடங்கள் என்று பட்டியலிடுகிறது. அந்த நாட்களை எங்கிருந்தாலும் எண்ண வேண்டும் என்று எழுதி வைக்க அவர்களுக்குப் பல ஆண்டு பிடித்தது.

மாசசூசெட்ஸில் 35ஆம் பிரிவு என்று ஒன்று. குற்றமே செய்யாதவரையும் குடும்பத்தார் மனுவின்மேல் 90 நாள் வரை அனுப்பலாம். ஆனால் நீதிபதி விசாரிக்க வேண்டும், அவருக்கு வக்கீல் தர வேண்டும். அங்கும் வெட்கக்கேடு இருந்தது. 2016 வரை பெண்களைச் சிறையிலேயே வைத்தார்கள். 2012 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் சேர்ந்து, உலகெங்கும் கட்டாயப் போதைக் காவல் மையங்களை மூடச் சொன்னார்கள்.

தாய்க்கு ஒரு வார்த்தை: அரிவாளோடு நின்றவனுக்கு முன்னால் நீங்கள் தனியாக நின்றது நாட்டின் தவறு. உங்களுடையது அல்ல.

முதலமடைத் தாய் (வெள்ளி, பகல் 2.00)

நாற்பது கட்டில் தம்பி, நீங்கள் எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. "அம்மா, என் கடைசி நாளும் எனக்குத் தெரியாது" என்றான். இரண்டு வருடத்தில் அதைப் பற்றி அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. நான் செய்ததை இப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவனிடம் முன்பே கேட்டிருக்கலாம்.

இன்னொரு இரவு அப்படி வந்தால் யாரைக் கூப்பிடுவது? அதை மட்டும் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

கோர்ட்டு வாசல் (வெள்ளி, இரவு 9.30)

அம்மா, போலீசைக் கூப்பிடுங்கள். அடிப்பதற்காக அல்ல. 2017 சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோகும் கடமை காவல் நிலையப் பொறுப்பாளருக்கு இருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனால் பரிசோதனைக்காகப் பத்து நாள் வரை மருத்துவமனையில் வைக்க 102ஆம் பிரிவில் அவர் உத்தரவிடலாம். ஸ்டேஷனில் தட்டிக் கழிப்பார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். பிரிவு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போதை மீட்பு உதவிக்குக் கேரளத்தில் எக்சைஸ் துறையின் விமுக்தி எண் 14405, நாடு முழுவதற்கும் 14446. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

இப்போது உள்ளே யாராவது அடைபட்டிருந்தால்: சட்டவிரோத அடைப்பிலிருந்து தேடி மீட்க மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 100ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. பதிவு செய்யாமல் மனநல நிலையம் நடத்தினால் அதற்குத் தனியாக அபராதம் உண்டு. எல்லை தாண்டியிருந்தால் எந்த மாநிலம் என்று இழுத்தடிப்பார்கள். கட்டடம் எங்கே நிற்கிறதோ அந்த மாநில வாரியத்திலிருந்து தொடங்குங்கள்.

வண்ணாமடைத் தம்பிக்கு: 2017 சட்டத்தின் 25ஆம் பிரிவில் சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்கும் உரிமை உங்கள் தம்பிக்கு உண்டு. அவன் பெயரில், அவன் கையெழுத்தில் கேளுங்கள். புரியும் மொழியில் விவரம் பெறும் உரிமை 22. நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் அல்ல. தமிழ் வழியில் படித்தவனிடம் மலையாளத்தாளையோ ஆங்கிலத்தாளையோ நீட்டி வாங்கிய சம்மதங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வண்ணாமடைக்காரன் (பதினாறு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.30)

வக்கீல் சார் சொன்னபடி தம்பியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் இல்லை. நேரில் போனோம். அவன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டான். அரை நாள் உட்கார வைத்த பிறகு ஒரே ஒரு தாளின் நகல் கொடுத்தார்கள்.

சேர்க்கைப் படிவம், ஆங்கிலத்தில். "சொந்த விருப்பத்தில் சேர்கிறேன்" என்ற வரிக்குக் கீழே பெருவிரல் ரேகை. என் தம்பி கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். கையெழுத்து அழகாக இருக்கும், கோயில் நோட்டீஸுக்கு அவன்தான் எழுதுவான். மருத்துவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வாரியத்துக்குத் தகவல் அனுப்பிய தேதி என்று எதுவும் இல்லை. வெளியேறிய நாளும் எழுதப்படவில்லை. அந்தத் தாளின்படி அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபாலபுரம் தாண்டியதும், "163 என்று எழுதியிருக்கிறாயே, அது தப்பு" என்றான். சட்டைப்பையிலிருந்து மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்தான். பின்பக்கம் முழுவதும் பென்சில் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டு போட்டவை. எண்ணிப் பார்த்தேன், 161.

"முதல் இரண்டு நாள் ஊசி போட்டார்கள். அது எனக்குத் தெரியாது. நீ வேண்டுமானால் சேர்த்துக்கொள்" என்றான்.